ஹேவ் எங்கே வரும், எங்கே வராது: பிரசன்ட் பெர்ஃபெக்ட் பழக ஒரு வழிகாட்டி

நான்கு வருடங்களுக்கு முன் தொலைபேசியில் ஒரு நேர்காணல். கணக்குப் பிரிவில் எத்தனை வருட அனுபவம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். "ஐ வொர்க்ட் தேர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "ஒய் டிட் யூ லீவ்?" ஏன் வேலையை விட்டீர்கள் என்கிறார். நான் விடவே இல்லை. அன்று காலையும் அதே மேசையில் வேலை பார்த்துவிட்டு, மதிய இடைவேளையில் வெளியே வந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். "ஐ ஹேவ் வொர்க்ட்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போய்விட்டது.

பிரசன்ட் பெர்ஃபெக்ட் பாடத்தை நான் படிக்காமல் இல்லை. ஹேவ் அல்லது ஹேஸ், கூடவே வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அதை எங்கே போடுவது என்பதுதான் பிடிபடவில்லை. அது பிடிபட எனக்கு அப்புறம் இரண்டு மாதம் ஆனது. புதிதாகப் பழகுகிறவர்கள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்றுதான் நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பணச் செலவு கிடையாது. ஒரு நோட்டு, ஒரு பேனா, அவற்றோடு நீங்களே எழுதிய ஆங்கிலம். அதாவது, நீங்கள் கடைசியாக அனுப்பிய 20 ஆங்கில மின்னஞ்சல்கள், உங்கள் பயோடேட்டா, எப்போதாவது நிரப்பிய ஒரு விண்ணப்பப் படிவத்தின் நகல். மின்னஞ்சல் எழுதும் வேலையில் இல்லாதவர்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் போதும்.

பயிற்சிப் புத்தகத்தை வைத்துத் தொடங்காதீர்கள். அதில் பக்கத்தின் தலைப்பிலேயே எந்த டென்ஸ் என்று எழுதியிருக்கும். கோடிட்ட இடத்தில் ஹேவ் போட்டுக்கொண்டே போகலாம், எல்லாம் சரியாக வரும். ஹேவ் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வேலை மட்டும் நமக்கு வராமலே போய்விடும். கஷ்டமே அந்த முடிவில்தான் இருக்கிறது.

நேரம் என்று பார்த்தால் தினம் 20 நிமிடம், ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் அடுத்த படிக்கு. பிறகு மூன்று வாரம் 3, 4, 5, 6, 7 படிகளுக்கு. கடைசி வாரம் பேசிப் பார்க்கவும் உங்கள் பயோடேட்டாவைத் திருத்தவும். ஒரே விடுமுறை நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நானும் பார்த்தேன். தங்கவில்லை.

2. மூன்றாம் வடிவத்தை ஹேவோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்

"ஐ ஹேவ் வென்ட்", "ஷி ஹேஸ் டிட்", "ஐ ஹேவ் ரோட்". இந்த மூன்றும் தவறு. கான், டன், ரிட்டன் என்று வர வேண்டும். கோ, வென்ட், கான் என்று மூன்று வடிவத்தையும் பாட்டுப் போலப் படித்ததால் வரும் வினை இது. பேசும்போது அவசரத்தில் நடுவில் உள்ளதே வாயில் வந்துவிடும்.

எனவே வாய்ப்பாட்டை விட்டுவிட்டு "ஹேவ் கான், ஹேவ் டன், ஹேவ் சீன், ஹேவ் ரிட்டன், ஹேவ் டேக்கன், ஹேவ் கிவன், ஹேவ் ஸ்போக்கன்" என்று ஜோடியாகவே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். தினமும் மூன்று ஜோடி, இரண்டு வாரத்தில் நாற்பதுக்கு மேல் ஆகிவிடும். பேச்சுக்கு அது தாராளம். "எட்" சேர்க்கும் சாதாரண வினைகளைப் படிக்கவே தேவையில்லை, அவற்றுக்கு இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றுதான்.

சிலதை மட்டும் குறித்து வையுங்கள். கம், பிகம், ரன் மூன்றும் மூன்றாம் வடிவத்தில் முதல் வடிவத்துக்கே திரும்பிவிடும்: "ஹேவ் கம்", "ஹேவ் ரன்". "ஹேவ் கேம்" கிடையாது. புட், கட் இரண்டும் மாறவே மாறாது. படிப்பதற்கான ரீட் எழுத்தில் மாறாமல், உச்சரிப்பில் மட்டும் "ஹேவ் ரெட்" என்று ஆகும். கெட் என்பதற்குப் பிரிட்டனில் காட், அமெரிக்காவில் பெரும்பாலும் காட்டன். இரண்டும் சரி.

ஹேஸ் வருவது ஹி, ஷி, இட், ஒற்றைப் பெயர் ஆகியவற்றுக்கு. எவ்ரிபடி என்பது பல பேரைக் குறித்தாலும் ஹேஸ்தான் எடுக்கும். ஐ என்பது ஒரே ஆள் என்றாலும் ஹேவ்தான். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

3. ஹேவ் போடுவதற்கு முன் காலச் சொல்லைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தில் எப்போது என்று சொல்லும் சொல் இருக்கிறதா? அந்த நேரம் முடிந்துபோனதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா?

முடிந்துபோன நேரம் என்றால் ஹேவ் வராது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேஸ் அகோ, வென் ஐ வாஸ் எ சைல்ட் எல்லாம் இந்தப் பக்கம். வென் என்று தொடங்கும் கேள்வியும் இங்கேதான் சேரும். "வென் ஹேவ் யூ கம்?" தவறு, "வென் டிட் யூ கம்?" சரி.

இன்னும் முடியாத நேரம் என்றால் ஹேவ் வரும். டுடே, திஸ் வீக், திஸ் இயர், சோ ஃபார் எல்லாம் அந்தப் பக்கம். எவர், நெவர், யெட், ஆல்ரெடி, ஜஸ்ட் என்ற ஐந்தும் பெரும்பாலும் ஹேவோடுதான் நடக்கும்.

காலச் சொல்லே இல்லையா? அப்படியானால் நடந்ததன் விளைவு இப்போது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். "ஐ ஹேவ் புரோக்கன் மை கிளாசஸ்" என்றால் கண்ணாடி இந்த நிமிடமும் உடைந்தே கிடக்கிறது, என்னால் படிக்க முடியாது, நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்பது வரை கேட்பவருக்குப் போய்ச் சேரும். "ஐ புரோக் மை கிளாசஸ்" என்றால் எப்போதோ நடந்த சம்பவம், பிறகு சரி செய்தும் இருக்கலாம்.

மூன்று இடத்தில் கவனமாக இருங்கள். முதலாவது, "லாஸ்ட் இயர்" வேறு, "இன் த லாஸ்ட் இயர்" வேறு. முன்னது முடிந்துபோன வருடம். பின்னது இன்றைக்கு 12 மாதத்துக்கு முன்பிருந்து இந்த நொடி வரை, ஆகவே ஹேவ். அதேபோல "இன் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்". இரண்டாவது, "திஸ் மார்னிங்". காலை 10 மணிக்குப் பேசினால் "ஐ ஹேவ் காட் த்ரீ கால்ஸ் திஸ் மார்னிங்", மாலை 4 மணிக்குப் பேசினால் "ஐ காட்". காலை முடிந்துவிட்டது அல்லவா. மூன்றாவது, ஜஸ்ட் தனியாக வந்தால் ஹேவ், "ஜஸ்ட் நவ்" என்று சற்றுமுன் நடந்ததைச் சொன்னால் சிம்பிள் பாஸ்ட், அதாவது ஹேவ் இல்லாத சாதாரண இறந்தகாலம்: "ஐ ஹேவ் ஜஸ்ட் சீன் ஹிம்", "ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்".

அமெரிக்கர்கள் "டிட் யூ ஃபினிஷ் யெட்?", "ஐ ஆல்ரெடி ஃபினிஷ்ட்" என்று சாதாரணமாகப் பேசுவார்கள். காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம், அது அவர்கள் வழக்கு. நீங்கள் ஹேவோடு எழுதினால் எல்லா இடத்திலும் செல்லும்.

4. தமிழ் வினையை அப்படியே மாற்றாதீர்கள்

நம்முடைய தவறுகளில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது. நாம் மனதுக்குள் தமிழில் ஒரு வாக்கியத்தை அமைக்கிறோம். வினையில் "இருக்கிறேன்" என்று ஒலித்ததும் ஹேவைத் தூக்கிப் போடுகிறோம். சில நேரம் சரியாக வரும். பல நேரம் வராது.

"நேற்றே அனுப்பியிருக்கிறேன்." தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. நேற்றும் இருக்கிறேனும் சண்டையில்லாமல் பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் நிற்காது. "ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே" என்பது என் அனுப்பிய அஞ்சல்களில் 20க்கு 7 இடத்தில் இருந்தது. ஒன்று, நேற்றை எடுத்துவிட்டு "ஐ ஹேவ் சென்ட் இட்" என்று எழுதுங்கள். இல்லை, நேற்று முக்கியம் என்றால் ஹேவை எடுத்துவிட்டு "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே" என்று எழுதுங்கள். நான் இப்போதும் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஹேவ் இருக்கும் வரியில் தேதி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பேன்.

அடுத்தது "உட்கார்ந்திருக்கிறார்". இது இப்போது உள்ள நிலை. ஆங்கிலத்தில் "ஹி இஸ் சிட்டிங்". "நீலச் சட்டை போட்டிருக்கிறார்" என்பதும் "ஹி இஸ் வேரிங்"தான், "ஹி ஹேஸ் வோர்ன்" அல்ல. நின்றிருக்கிறார், படுத்திருக்கிறார், பிடித்திருக்கிறார் எல்லாம் இதே குடும்பம். உடம்பு இருக்கும் நிலை, உடம்பில் இருக்கும் பொருள் என்றால் இஸ் போடுங்கள்.

"விட்டேன்" என்று முடிவதையும் பாருங்கள். "முடித்துவிட்டேன்" என்பதில் இறந்தகாலம் தெரிகிறதே என்று "ஐ ஃபினிஷ்ட்" என்போம். காலச் சொல் இல்லாமல், வேலை முடிந்தது, இனி கவலையில்லை என்ற பொருளில் சொன்னால் "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்" என்பதே பொருத்தம்.

எதிர்மறையில் தமிழ் இன்னும் தாராளம். "வரவில்லை" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். "இன்னும் வரவில்லை" என்றால் "ஹி ஹேஸன்ட் கம் யெட்". "நேற்று வரவில்லை" என்றால் "ஹி டிடன்ட் கம் யெஸ்டர்டே". இன்னும் என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் போதும், மனதில் அது ஒட்டினால் ஹேவன்ட், ஒட்டாவிட்டால் டிடன்ட்.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு, அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். "பார்த்ததுண்டா?" என்று கேட்க முடிந்தால் அது "ஹேவ் யூ எவர் சீன்?" "பார்த்ததே இல்லை" என்று சொல்ல முடிந்தால் அது "ஐ ஹேவ் நெவர் சீன்". இந்த இரண்டும் ஏமாற்றுவது அபூர்வம். வாழ்க்கை அனுபவத்தைக் கேட்கும் கேள்விகளை எல்லாம் நான் மனதுக்குள் முதலில் உண்டா, இல்லை என்று மாற்றிக்கொண்டுதான் பேசக் கற்றேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. "இங்கே வருவது இதுதான் முதல் தடவை" என்பதற்கு "திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஆம் கமிங் ஹியர்" என்று நம் வாயில் வரும், அது தவறு. "ஐ ஹேவ் கம்" என்று சொல்ல வேண்டும். காரணம் தேடாமல் அப்படியே பழகிக்கொள்வது நல்லது.

5. "ஆக" வந்தால் ஃபார், "இருந்து" வந்தால் சின்ஸ்

"மூன்று வருடமாக" என்பதில் உள்ள ஆக ஒரு நீளத்தைச் சொல்கிறது: "ஃபார் த்ரீ இயர்ஸ்". "2019இலிருந்து" என்பதில் உள்ள இருந்து தொடங்கிய இடத்தைச் சொல்கிறது: "சின்ஸ் 2019". "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று ஒரு நாளும் எழுதாதீர்கள். நேர்காணல் செய்பவர்கள் காதில் உடனே உறுத்தும் தவறு இது.

இதைவிடப் பெரிய சிக்கல் வினையில் இருக்கிறது. "மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலம் போடுகிறோம். அதை அப்படியே "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்கிறோம், ஒரே வரியில் இரண்டு தவறு. எப்போது தொடங்கியது அல்லது எவ்வளவு நாளாக என்று வாக்கியத்தில் வந்துவிட்டால் ஆம், இஸ், ஆர் மூன்றும் விலகிக்கொள்ள வேண்டும். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்." "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர்" என்றாலும் சரிதான், பேச்சில் முன்னது கொஞ்சம் இயல்பாக இருக்கும்.

தெரியும், பிடிக்கும், நம்புகிறேன், சொந்தமாக வைத்திருக்கிறேன் போன்றவற்றுக்கு மட்டும் அந்த "பீன், இங்" சேராது. அவரைப் பத்து வருடமாகத் தெரியும் என்பதற்கு "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்". "ஐ ஹேவ் பீன் நோயிங்" கிடையாது.

ஃபார் இருந்தாலே ஹேவ் என்றும் நினைத்துவிடாதீர்கள். என் நேர்காணலில் நான் சறுக்கிய இடம் இதுதான். "ஐ வொர்க்ட் தேர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" இலக்கணப்படி சரியான வாக்கியம், வேலையை விட்டவருக்கு. என் தாத்தாவைப் பற்றி "ஹி ஹேஸ் லிவ்ட் இன் திஸ் ஹவுஸ் ஆல் ஹிஸ் லைஃப்" என்றால் அவர் உயிரோடு இருக்கிறார். "ஹி லிவ்ட்" என்றால் காலமாகிவிட்டார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஒரு சின்னச் சொல்தான், ஆனால் இவ்வளவு தூரம் போகும்.

6. ஹேவில் தொடங்குங்கள், விவரத்துக்கு பாஸ்ட்டில் இறங்குங்கள்

ஹேவ் பிடிபட்ட புதிதில் எல்லா வரியிலும் அதைப் போடத் தோன்றும். "ஐ ஹேவ் பீன் டு ஜப்பான். ஐ ஹேவ் கான் இன் 2018. ஐ ஹேவ் ஸ்டேய்ட் தேர் ஃபார் டூ வீக்ஸ்." இதில் முதல் வரி மட்டும்தான் சரி.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று செய்தி வாசிப்பில் கவனியுங்கள். அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டார் என்ற முதல் வரி ஹேஸில் வரும். எப்போது அறிவித்தார், என்ன காரணம் சொன்னார் என்ற அடுத்த வரிகள் எல்லாம் சிம்பிள் பாஸ்ட்டில் வரும். புதுச் செய்தியை ஹேவ் கொண்டுவந்து வைக்கும், அப்புறம் ஒதுங்கிவிடும். நீங்களும் அப்படியே: "ஐ ஹேவ் பீன் டு ஜப்பான். ஐ வென்ட் இன் 2018 அண்ட் ஸ்டேய்ட் ஃபார் டூ வீக்ஸ்."

இதற்கு ஒரு வாரம் முழுதும் ஒதுக்குங்கள். தினம் உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு விஷயத்தை எடுத்து, முதல் வரி ஹேவ், அடுத்த மூன்று வரி பாஸ்ட் என்று நோட்டில் எழுதுங்கள். எனக்கு அதிகம் பலன் தந்த பயிற்சி இது.

7. பீனா, கானா?

"அவர் ஜப்பான் போயிருக்கிறார்." தமிழில் இதற்கு இரண்டு பொருள். போய்வந்த அனுபவம் உள்ளவர் என்றால் "ஹி ஹேஸ் பீன் டு ஜப்பான்". இப்போது அங்கே இருக்கிறார், நம்மிடம் இல்லை என்றால் "ஹி ஹேஸ் கான் டு ஜப்பான்". உங்களைப் பற்றி நீங்களே பேசும்போது அநேகமாக எப்போதும் பீன்தான்.

8. படிவம், பயோடேட்டா, மின்னஞ்சல்

விசா படிவங்களில் "ஹேவ் யூ எவர்" என்று தொடங்கும் கேள்விகளை நிதானமாகப் படியுங்கள். விசா எப்போதாவது மறுக்கப்பட்டதா என்பது அப்படி வரும் ஒரு கேள்வி. எவர் என்றால் பிறந்ததிலிருந்து இன்று வரை. பத்து வருடத்துக்கு முன் நடந்தது, பழைய கதை என்று நோ போட்டுவிடக் கூடாது, தவறான தகவல் கொடுத்ததாக ஆகும். "இன் த லாஸ்ட் டென் இயர்ஸ்" என்று இருந்தால் மட்டுமே பத்து வருடத்தோடு நிறுத்தலாம். கையெழுத்துப் போடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

பயோடேட்டாவிலும் விண்ணப்பக் கடிதத்திலும் இப்போதைய வேலைக்கு ஹேவ், பழைய வேலைகளுக்கு சிம்பிள் பாஸ்ட். "சின்ஸ் 2021, ஐ ஹேவ் மேனேஜ்ட் எ டீம் ஆஃப் ஃபைவ்." "ஃப்ரம் 2017 டு 2021, ஐ மேனேஜ்ட்." வேலை மாறும் ஒவ்வொரு தடவையும் ஹேவ் இருந்த வரியைத் திருத்த வேண்டும். பலர் தேதியை மட்டும் மாற்றிவிட்டு வினையை மறந்துவிடுகிறார்கள்.

மின்னஞ்சலில் "ஐ ஹேவ் அட்டாச்ட்" நல்ல வரி. "யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் அப்ரூவ்ட்" என்று வந்தால் அனுமதி கிடைத்துவிட்டது. அதையே தேதியோடு சொன்னால் "வாஸ் அப்ரூவ்ட் ஆன் 5 மார்ச்". ஒரு நுணுக்கம் சொல்கிறேன். "வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர் டேட்டட் 5 மார்ச்" சரி, ஏனென்றால் அந்தத் தேதி கடிதத்தின் மேல் எழுதியிருப்பது. "வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர் ஆன் 5 மார்ச்" தவறு, அது கையில் கிடைத்த தேதி. தேதி எதோடு ஒட்டுகிறது என்று பார்க்காமல் ஹேவை அடித்துவிட வேண்டாம்.

9. காதுக்கும் வாய்க்கும் கடைசி வாரம்

பேச்சில் ஹேவ் முழுதாகக் கேட்காது. "ஐவ் சீன்", "தேவ் கான்" என்று உதட்டில் ஒரு சின்ன அசைவோடு போய்விடும். "ஹிஸ்" போல ஒலிக்கும் "ஹீஸ்" என்பது ஹி இஸ்ஸாகவும் இருக்கலாம், ஹி ஹேஸாகவும் இருக்கலாம். பின்னால் பீன் வந்தால் அது ஹேஸ், இங் வந்தால் இஸ். நீங்களும் முழு ஹேவை அழுத்திச் சொல்லத் தேவையில்லை, ஆனால் முழுதாக விழுங்கிவிடாதீர்கள்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்திலும் பேச்சிலும் இலக்கணத்துக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். அதன் இரண்டாம் பகுதியில் தலைப்பைக் கொடுத்து யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள். அந்த நிமிடத்தில் முதல் வரியை ஹேவில் அமைத்துக்கொண்டு, பிறகு 6ஆம் படியில் சொன்னதுபோல பாஸ்ட்டுக்கு இறங்கிவிடுங்கள்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் ஒரு நண்பரை உட்கார வைத்து இந்த இரண்டு கேள்விகளை மாற்றி மாற்றி, வரிசை சொல்லாமல் கேட்கச் சொல்லுங்கள்: "ஹவ் லாங் ஹேவ் யூ வொர்க்ட் தேர்?", "ஹவ் லாங் டிட் யூ வொர்க் தேர்?" முதல் கேள்விக்கு இப்போதைய வேலையைச் சொல்ல வேண்டும், இரண்டாவதற்குப் பழைய வேலையை. யோசிக்காமல் பத்துத் தடவை சரியாக வரும் வரை விடாதீர்கள். எனக்கு நான்கு நாள் ஆனது, அதுவும் தினம் பத்தே நிமிடம்.